தாய்க்குத் துணை இருந்தால் பிள்ளைக்குப் பால் இருக்கும்

பிள்ளை பிறந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பார்க்க வந்த யாராவது ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிடும்: "பால் பத்தலை போலிருக்கே." சொன்னவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த நேரத்திலிருந்து கட்டிலில் படுத்திருக்கும் பெண் தன் உடம்பைச் சந்தேகப்படத் தொடங்குகிறாள். பிள்ளை அழுதால் பசி என்கிறார்கள். பசி என்றால் பால் இல்லை என்கிறார்கள். பால் இல்லை என்றால் டப்பா பால்தான் என்று முடிவாகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வீடுகளிலும் இது பழகிப்போன காட்சிதான். தாய்ப்பாலின் மகிமையை நம் ஊரில் யாரும் மறுப்பதில்லை. சுவரொட்டியில் எழுதுகிறோம், ஆகஸ்டு முதல் வாரத்தில் உறுதிமொழி எடுக்கிறோம். பாலைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அதைச் சுரக்கிற பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பதைக் கேட்க மறந்துவிட்டோம். பால் குறைவு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு துணைக் குறைவுதான் என்பது என் வாதம். அதற்குச் சான்றுகள் உடலியலிலும் இருக்கின்றன, கணக்கெடுப்புகளிலும் இருக்கின்றன.

முதலில் கணக்கெடுப்பு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. நாட்டின் சராசரி 88.6. இது பெருமைப்பட வேண்டிய சாதனை. அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 60.2 சதவீதம் பேர்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 55.1 சதவீதம், நாட்டின் சராசரியோ 63.7. பிரசவத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவருவதில் நாட்டையே முந்திய மாநிலம், தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் நாட்டுச் சராசரிக்கும் கீழே நிற்கிறது. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் டாக்டரும் நர்சும் இருக்கும் கட்டடத்தில் பிறந்தும் ஐந்தில் இரண்டு பேருக்கு முதல் மணி நேரப் பால் தவறிப்போகிறது என்றால், அந்தப் பழியைத் தாயின் அறியாமைமேல் போட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் உள்ள விருதுநகர் மாவட்டத்துக்கு இதில் தனி அக்கறை உண்டு. 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழகத்திலிருந்து சேர்ந்தவை ராமநாதபுரமும் விருதுநகரும்தான். அந்தத் திட்டம் மாவட்டத்தின் முன்னேற்றத்தை அளக்க வைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்று, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பிள்ளைகள் தாய்ப்பால் குடித்தார்கள் என்பது.

பால் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பு பாலைச் சுரக்கத் தயாராகிவிடுகிறது. ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அந்தத் தடை சடசடவென்று இறங்குகிறது. புரோலாக்டின் வேலையைத் தொடங்குகிறது. இருந்தாலும் மார்பு கனத்துப் பால் "இறங்குவதற்கு" இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். தலைப்பிரசவத்திலும், சிசேரியனிலும், சர்க்கரை நோய் உள்ள பெண்களிடமும் இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். அதுவரை சுரப்பது சீம்பால். முதல் நாள் முழுவதற்குமே சில ஸ்பூன் அளவுதான் வரும். பிறந்த பிள்ளைக்கு அந்த நாளில் தேவையும் அவ்வளவுதான். நோய் எதிர்ப்புப் புரதங்கள் நிறைந்த அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துத்தான் "ஒண்ணுமே வரலை" என்று முடிவு கட்டுகிறோம். முதல் சில நாட்களில் பிள்ளையின் எடை ஏழு சதவீதம் வரை குறைவது சாதாரணம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை அது எட்டிப் பிடித்துவிடும். இந்த இரண்டு செய்திகளையும் எட்டாம் மாதமே கர்ப்பிணிக்கும், அவளைவிட முக்கியமாக அவளுடைய அம்மாவுக்கும் மாமியாருக்கும் சொல்லிவைத்தால், மூன்றாம் நாள் பீதியில் பெரும்பகுதி எழவே எழாது.

முதல் சில நாட்களுக்குப் பிறகு பாலின் அளவைத் தீர்மானிப்பது ஹார்மோன் மட்டுமல்ல. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது. ஸ்காட்லாந்தில் ஆடுகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகள், ஒரு மடியில் பாலைத் தேக்கிவைத்தால் அந்த மடியில் மட்டும் சுரப்பு குறைவதைக் காட்டின. இரண்டு மடியிலும் ஓடுவது ஒரே ரத்தம், அதில் இருப்பது அதே ஹார்மோன். அப்படியானால் தேங்கிய பாலே சுரப்பைக் குறைக்கச் சொல்லிச் செய்தி அனுப்புகிறது என்று பொருள். பெண்களிடமும் அப்படித்தான். பிள்ளை எவ்வளவு குடித்துக் காலி செய்கிறதோ அவ்வளவு சுரக்கும். சேர்த்துவைக்கும் கொள்ளளவு மார்புக்கு மார்பு வேறுபட்டாலும், பெரும்பாலான தாய்மார்கள் ஒரு மாதத்துக்குள் நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு வந்துவிடுகிறார்கள். இதனால்தான் ஒரு வேளை பவுடர் பால் கொடுப்பது ஒரு வேளையோடு நிற்பதில்லை. வயிறு நிறைந்த பிள்ளை மூன்று மணி நேரம் தூங்குகிறது. மார்பில் பால் தேங்குகிறது. உடம்பு அதைப் பார்த்து, இவ்வளவு போதும் போலிருக்கிறது என்று உற்பத்தியைக் குறைக்கிறது. மறுநாள் நிஜமாகவே பால் குறைந்திருக்கும். முதலில் இல்லாத குறை, அதற்குச் செய்த மருந்தால் வந்து சேர்கிறது. குறையைக் கண்டவர்கள் தாங்கள் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொள்வார்கள்.

சுரந்த பால் வெளியே வருவதற்கு இன்னொரு ஹார்மோன் வேண்டும். அதுதான் ஆக்சிடோசின். பிள்ளை சப்பும்போது மூளையிலிருந்து அது வெளிப்பட்டு, பால் பைகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளைச் சுருங்கச் செய்கிறது. சப்பினால் மட்டுமல்ல, பிள்ளையை நினைத்தாலே, அழுகுரல் கேட்டாலே பால் வழியும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியே இல்லை. அவ்வூர்ப் பெரியாழ்வாரின் திருமொழியில் தூங்கும் கண்ணனைப் பால் குடிக்க யசோதை எழுப்புகிற பதிகம் உண்டு. இரவும் குடிக்காமல் உறங்கிவிட்டான், இன்றைக்கும் உச்சிப்பொழுது வந்துவிட்டது, மார்பு தானாகப் பெருகி வழிகிறது என்று அவள் தவிக்கிறாள். நினைப்புக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பைப் பெரியாழ்வார் கவனித்துப் பாடியிருக்கிறார். இந்தத் தொடர்பு எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பதை அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற இணையர் 1948இல் காட்டினார்கள். பாலூட்டிக்கொண்டிருந்த ஒரு தாயின் கால்களை ஐஸ் தண்ணீரில் வைத்தார்கள், கால்விரலை வலிக்க இழுத்தார்கள், கணக்குக் கேட்டுத் திணறடித்தார்கள். தொந்தரவு இல்லாத நாட்களில் பிள்ளை சராசரியாக 168 கிராம் பால் குடித்தது. தொந்தரவு செய்த நாட்களில் 99 கிராம்தான் கிடைத்தது. அதே தொந்தரவோடு ஆக்சிடோசின் ஊசியும் போட்டபோது அளவு 153 கிராமுக்கு ஏறியது. ஒரே ஒரு தாயிடம் செய்த சோதனைதான். அதை மட்டும் வைத்து ஊருக்கெல்லாம் விதி எழுத முடியாது. ஆனாலும் அது சொல்லும் பொருள் தெளிவானது. அந்த நாட்களில் பால் மார்பில் இருந்தது, வெளியே வரத்தான் இல்லை. வலியும் பதற்றமும் அவமானமும் பாலை அடைத்துவிடும். தையல் வலியோடு முதுகை வளைத்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், ஆறு பேர் நிற்கும் அறையில், "இன்னும் வரலையா?" என்று கேட்பது அந்த ஐஸ் தண்ணீர்ச் சோதனையை வீட்டிலேயே நடத்துவதுதான்.

ஆகவே துணை என்பதை உபசார வார்த்தையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுரப்பு இயங்குவதற்கு அது ஒரு நிபந்தனை. அந்தத் துணை முதலில் வேண்டியிருப்பது பிரசவ அறையில். பிறந்ததும் பிள்ளையைத் துடைத்துத் தாயின் வெறும் மார்பின்மேல் போட வேண்டும். எடை பார்ப்பது, துணி சுற்றுவது, உறவினருக்குக் காட்டுவது எல்லாம் பிறகு. தமிழகத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8. எனவே "சிசேரியன் ஆச்சு, அதனால முதல் பால் கொடுக்க முடியலை" என்பதை விதிவிலக்காக எண்ணி விட்டுவிட இனி வழியில்லை. ஏறக்குறையப் பாதிப் பெண்கள் அந்த நிலையில் இருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் அறுவையில் தாய் விழித்துத்தான் இருக்கிறாள். ஒரு நர்ஸ் பிள்ளையைப் பிடித்துக்கொண்டால் மேசையிலேயே பால் கொடுக்கலாம். அடுத்தது பிள்ளை வாய் வைக்கும் விதம். காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு வலிக்கும், வெடிப்பு வரும், பால் வராது. வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் கீழ்ப்பகுதியையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். தாடை மார்பில் பட வேண்டும். வயிறும் வயிறும் ஒட்டியிருக்க வேண்டும். இதைப் படம் காட்டி முழுக்கச் சொல்லித் தர முடியாது. பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு மூன்று வேளை பார்த்து, திருத்திக் கொடுக்க வேண்டும்.

இப்படித் துணை கொடுத்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நல்ல பதில் இருக்கிறது. பெலாரஸ் நாட்டில் 31 மருத்துவமனைகளில் 17,046 தாய்-சேய் இணைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2001இல் வெளியானது. மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பணியாளர்களுக்குப் பாலூட்ட உதவும் பயிற்சி கொடுத்தார்கள்; மறுபாதியில் வழக்கம்போல் விட்டார்கள். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் பயிற்சி கொடுத்த பக்கம் 43.3 சதவீதம், மறுபக்கம் 6.4 சதவீதம். முதல் ஆண்டில் வயிற்றுப்போக்கு வந்தவர்களும் பயிற்சி கொடுத்த பக்கம் குறைவு. நம் நாட்டில் ஹரியாணா கிராமங்களில் அங்கன்வாடிப் பணியாளர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் கொண்டு நடத்தி, 2003இல் வெளியான ஆய்விலும் அதே கதைதான்: ஆலோசனை கிடைத்த கிராமங்களில் 79 சதவீதம், கிடைக்காத கிராமங்களில் 48. இரண்டு இடத்திலும் இரு பக்கத்துத் தாய்மார்களின் உடம்பும் ஒரே மாதிரிதான். பக்கத்தில் இருந்தவர்கள்தான் வேறு.

"இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா? பிள்ளை பெற்றவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஆச்சிமார்கள் சொல்லிக்கொடுத்தது போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவது, அடுப்படிப் பக்கம் போகவிடாதது, வெந்நீர் ஊற்றிவிடுவது, வேளைக்குச் சூடாகச் சோறு போடுவது, இரவில் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க ஒருவர் பக்கத்தில் படுப்பது ஆகியவை எந்த மருத்துவ வழிகாட்டுதலுக்கும் குறைந்தவை அல்ல. இரவில்தான் புரோலாக்டின் அதிகமாகச் சுரக்கிறது. இரவுப் பாலைத் தவறவிடாமல் இருக்க அந்தப் பக்கத்துணையைவிடப் பெரிய உதவி கிடையாது. பத்தியச் சாப்பாட்டில் வரும் பூண்டுக்குக்கூட ஒரு சுவையான ஆய்வு உண்டு. அமெரிக்காவின் மொனெல் ஆய்வு மையத்தில் 1991இல், தாய்க்குப் பூண்டு கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் பாலில் அதன் மணம் ஏறுவதையும், அப்போது பிள்ளைகள் கூடுதல் நேரம் மார்பை விடாமல் சப்புவதையும் கண்டார்கள். குடித்த அளவு உறுதியாகக் கூடியது என்று சொல்லும்படி இல்லை. ஆனால் அதிகம் சப்புவதே சுரப்புக்கு நல்லது என்பதால் பூண்டைக் குறை சொல்ல நான் தயாரில்லை. சுறாப்புட்டும் கருவாடும் பாலைப் பெருக்கும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. நல்ல புரதம் என்ற அளவில் வரவேற்கலாம்.

பழக்கத்தில் கைவிட வேண்டியவையும் இருக்கின்றன. அவற்றில் மோசமானது, தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று சொல்லிப் பெற்றவளைத் தாகத்தோடு வைப்பது. வியர்த்து ஊற்றுகிற இந்த ஊரில், நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது கொடுமை. காயும் பழமும் குளிர்ச்சி என்று ஒதுக்குவதும் அப்படித்தான். பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. கர்ப்பத்தில் வேண்டியதைவிட இது அதிகம். கர்ப்பிணிக்கு வளைகாப்பில் ஐந்து வகைச் சோறு கொடுத்த வீடு, பெற்ற பிறகு ரசம் சோற்றோடு நிறுத்திக்கொள்கிறது. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ சேனையாகத் தொட்டு வைப்பதையும் விட்டுவிட வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் தொற்றுக்கு வழி திறந்துவிட்டு, சீம்பாலுக்கு உரிய பசியையும் அடைத்துவிடும். "வெயில் காலத்தில் பிள்ளைக்கு நா வறளாதா?" என்பார்கள். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். இந்தியக் கோடையில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்குக் கூடுதல் தண்ணீர் தேவைப்படவில்லை என்று 1991இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. தண்ணீர் வேண்டியது தாய்க்கு. அவளிடமிருந்து அதைப் பிடுங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும் நம் வழக்கங்களில் மனசுக்கு இடம் மிகக் குறைவு. பெற்ற மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணம் தெரியாமல் அழுகை வருவது பல பெண்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கும். அடங்காமல் தூக்கமும் பசியும் கெட்டு, பிள்ளைமேல் பிடிப்பே இல்லாமல், தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் நிலைத்துவிட்டால் அது பேறுகால மனச்சோர்வு. 38 இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கட்டுரை, நம் நாட்டுத் தாய்மார்களில் 22 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிட்டது. வேலூர் பக்கத்துக் கிராமங்களில் பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். அதற்குத் தூண்டுதலாக ஆய்வாளர்கள் கண்டவற்றைப் படிக்கும்போது ஒரு தமிழ் வீட்டுக்குள்ளேயே நிற்பது போலிருக்கிறது: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு உதவ ஆள் இல்லாதது. இவற்றில் ஹார்மோனைக் குற்றம் சொல்லித் தப்பிக்கக்கூடியது ஒன்றுகூட இல்லை. குறிப்பாகக் கடைசியில் உள்ளதைத் தீர்க்க மருந்துச் சீட்டே வேண்டாம். துணி அலச ஒருவர், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு விட ஒருவர், இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுக்க அந்தப் பிள்ளையின் அப்பா: இவ்வளவுதான். ஆண்களுக்குப் பால் சுரக்காது என்பதைத் தவிர, பிள்ளை வளர்ப்பில் அவர்களால் முடியாதது எதுவும் இல்லை.

இங்கே ஒரு கடுமையான எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். தாய்ப்பால், தாய்ப்பால் என்று வற்புறுத்துவதே பெண்களைக் குற்ற உணர்வில் தள்ளுகிறது. கொடுக்க முடியாதவர்களை இந்தப் பிரசாரம் நொறுக்குகிறது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஏறத்தாழ 14,000 தாய்மார்களின் தகவல்களை ஆராய்ந்தவர்கள், கர்ப்பத்தில் மனச்சோர்வு இல்லாத பெண்களில், பால் கொடுக்க விரும்பி அப்படியே கொடுத்தவர்களுக்குப் பேறுகால மனச்சோர்வு வருவது மிகக் குறைவாகவும், விரும்பியும் கொடுக்க முடியாமல் போனவர்களுக்கு மிக அதிகமாகவும் இருப்பதைக் கண்டார்கள். அதாவது ஆசையை ஊட்டிவிட்டுக் கையை விடுவதுதான் பெரிய தீங்கு. இதிலிருந்து பிரசாரத்தை நிறுத்த வேண்டும் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. பிரசாரத்துக்குச் செலவிடுவதில் பாதியையாவது பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிற ஆட்களுக்குச் செலவிட வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறேன். நிஜமாகவே பால் குறைந்த தாய்மார்களும் உண்டு. பிரசவத்தில் ரத்தம் மிகுதியாகப் போனவர்கள், நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியவர்கள், தைராய்டு குறைபாடு உள்ளவர்கள், மார்பில் அறுவை செய்துகொண்டவர்கள் இவர்களில் சேர்வார்கள். இவர்களில் பலருக்குச் சிகிச்சையால் பலன் உண்டு. யார் இவர்கள் என்று கண்டுபிடிப்பதும் எளிது: ஐந்தாம் நாளுக்குப் பிறகு பிள்ளை நாளொன்றுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பியதா என்று பார்த்தால் போதும். பிள்ளையின் அழுகையும், பால் குடித்த அரைமணியில் மறுபடி கேட்பதும், மார்பு மெத்தென்று இருப்பதும் சான்றாகாது. மேல்பால் தேவைப்பட்டாலும் அது தாயின் தோல்வி ஆகாது. பாட்டிலை விட்டுவிட்டு, நம் வீடுகளில் பரம்பரையாக இருக்கும் பாலாடையில் கொடுக்கலாம். குறைமாதப் பிள்ளைகளுக்குப் பாட்டிலைவிடப் பாலாடை நன்றாக உதவுவதை இந்திய மருத்துவர்கள் சோதித்தே சொல்லியிருக்கிறார்கள். குறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பால் வங்கிகளும் உண்டு. மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கிய அந்த முயற்சி இப்போது தமிழக அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது.

வீட்டுக்கு வெளியே இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ராஜபாளையத்தின் நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்களிலும், சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளிலும் பெண்களின் உழைப்பு நிறைந்திருக்கிறது. மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வார ஊதிய விடுப்பைத் தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளொன்றுக்கு இரண்டு இடைவேளை என்பது முன்பே சட்டத்தில் இருந்தது. மில் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ள பெண்ணுக்கு இது பொருந்தும். தறிக்கூடத்தில் ஆறேழு பேரில் ஒருத்தியாக நிற்பவளுக்கும், குரோசுக் கணக்கில் கூலி வாங்குபவளுக்கும் விடுப்பு என்றால் கூலி இல்லை என்றே பொருள். அவளுக்குக் கைகொடுப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம். 2018 முதல் அதன் மதிப்பு 18,000 ரூபாய். நல்ல திட்டம்தான், ஆறு மாதக் கூலிக்கு ஈடாகாது. 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்த அரசு, அடுத்த அடியாகத் தறிக்கூடங்கள் நெருக்கமாக உள்ள ஊர்களில் பொதுக் குழந்தைக் காப்பகங்களைத் திறக்க வேண்டும். "தொழில் தாங்குமா?" என்று முதலாளிகள் கேட்பார்கள். தாய்ப்பால் பழக்கம் உலகம் முழுக்கப் பரவினால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைகளின் உயிரும், மார்பகப் புற்றால் சாகும் 20,000 பெண்களின் உயிரும் காப்பாற்றப்படும் என்று 2016இல் லான்செட் இதழ் கணக்கிட்டது. அந்த உயிர்களைக் காக்கும் செலவைப் பெண் ஒருத்தியே தன் கூலியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று கேட்பதுதான் தாங்க முடியாதது.

பிள்ளை பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பால் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, தண்ணீர் குடித்தாயா, எவ்வளவு நேரம் தூங்கினாய், தையல் வலிக்கிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஒரு வேலையைச் செய்து கொடுத்துவிட்டு வாருங்கள். பிரசவமான 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதல் இருக்கிறது. வரவில்லை என்றால் உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிடுங்கள். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலோ, உதிரப்போக்கு திடீரென்று கூடினாலோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அவள் இரண்டு வாரத்துக்கு மேலும் அழுதுகொண்டே இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. அதில் தமிழிலேயே பேசலாம்.